யாழ்ப்பாணத்துப் பிள்ளையைத் தத்தெடுக்க ரொறன்ரோவிலிருந்து வரலாமா?

கேள்வி: நானும் கணவரும் கனேடியக் குடிமக்கள். பூர்வீகம் சாவகச்சேரி, நான் ஊரைக் கண்டதில்லை. யாழ்ப்பாணத்தில் ஓர் இல்லத்தில் நாலு வயதுப் பெண்பிள்ளை இருப்பதாக உறவினர் சொல்கிறார். நேரே வந்து பார்த்துக் கூட்டிப்போகலாமா?

பதில்: அந்த இல்லத்துக்குப் போகாதீர்கள், தொலைபேசியும் எடுக்காதீர்கள். இலங்கையும் கனடாவும் நாடு விட்டு நாடு தத்தெடுப்பது பற்றிய 1993ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கைக்குக் கட்டுப்பட்ட நாடுகள். உங்கள் தகுதி உறுதியாகும் முன் பிள்ளையின் பெற்றோரோடோ பராமரிப்பவரோடோ தொடர்பு கொள்வதை அதன் 29ஆம் உறுப்புரை தடுக்கிறது. குடும்பத்துக்குள் தத்தெடுப்பதற்கு விலக்கு உண்டு. உங்களுக்குப் பிள்ளையைத் தெரிவு செய்வது இலங்கையின் நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்பு சேவைகள் திணைக்களம். அது யாழ்ப்பாணத்துப் பிள்ளையாக இல்லாமலும் போகலாம். அதற்கு மனம் ஒப்பவில்லையென்றால் விண்ணப்பிக்காமல் விடுவதே நேர்மை.

இந்தக் கடுமை சும்மா வந்ததல்ல. 1980களில் பெற்ற தாய் என்று வேறு பெண்களைக் காட்டி, பொய்ப் பத்திரங்களோடு குழந்தைகளை ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். அந்தக் குழந்தைகள் இன்று வளர்ந்து தாயைத் தேடி வரும்போது பத்திரத்திலுள்ள பெயரே பொய்யாக இருக்கிறது. யாராவது ‘நன்கொடை’ என்று பணம் கேட்டால் அதோடு நிறுத்திவிட்டு, இலங்கையின் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்குச் சொல்லுங்கள்.

வேலை ரொறன்ரோவில்தான் தொடங்குகிறது. ஒன்ராறியோவில் உரிமம் பெற்ற முகவர் நிலையம், தத்துப் பெற்றோருக்கான பயிற்சி, வீட்டு ஆய்வறிக்கை. இலங்கைச் சட்டப்படி உங்களுக்கு 25 வயது நிரம்பியிருக்க வேண்டும். பிள்ளைக்கும் உங்களுக்கும் 21 வயது இடைவெளி வேண்டும்.

எங்கள் ஆட்கள் சிக்குப்படுவது பெயரில். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் தகப்பன் பெயர் முன்னால், கனேடியக் கடவுச்சீட்டில் பின்னால், கலியாணப் பதிவில் வெறும் முதலெழுத்து. நீதிமன்றத்துக்கு இது மூன்று ஆட்கள். எல்லாப் பத்திரங்களையும் மேசையில் பரப்பி எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால் ‘இவை அனைத்தும் ஒரே ஆளின் பெயர்கள்’ என்ற சத்தியக்கடதாசியைப் பயணத்துக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் குடியுரிமைக்கான கனேடிய விண்ணப்பத்தில் முதற்பகுதி உங்கள் குடியுரிமை பற்றியது. அதைத் தத்துக் கட்டளைக்கு முன்பே அனுப்பிவிடலாம்.

வெளிநாட்டவர் விண்ணப்பத்தை விசாரிப்பது கொழும்பிலுள்ள மாவட்ட நீதிமன்றம், யாழ்ப்பாண நீதிமன்றமல்ல. இருவரும் வந்தாக வேண்டும். ஒரு மாதத்துக்குக் குறையாமல் விடுப்பு எடுங்கள். தவணை தள்ளிப்போனால் அதுவும் போதாது. திரும்பும் டிக்கெட் திகதி மாற்றக்கூடியதாக இருக்கட்டும்.

பிள்ளை கையில் வந்தபின் முதல் நாட்களில் ஊர் சுற்றாதீர்கள். இல்லத்தில் எத்தனை மணிக்குச் சாப்பாடு, யார் பக்கத்தில் படுப்பாள், எதற்குப் பயப்படுவாள் என்று கேட்டு எழுதுங்கள். அவள் உடுத்த உடுப்பொன்றைத் தோய்க்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். பழகிய மணம் நித்திரைக்கு உதவும். புட்டும் சொதியும் தின்ற பிள்ளைக்கு ஹோட்டல் பாண் இறங்காது. சமைக்க வசதியுள்ள வீடொன்றை வாடகைக்கு எடுங்கள்.

அவள் சற்றுப் பழகிய பிறகு, சட்டத்தரணியிடம் கேட்டுக்கொண்டு வடக்கே வாருங்கள். சாவகச்சேரிச் சந்தை, காரைநகர் கசூரினாக் கடற்கரை போதும். நல்லூர்த் திருவிழாக் காலமென்றால் தேருக்குக் கொண்டுபோகாதீர்கள், அந்தச் சனத்தில் பிள்ளை மிரளும். பிறந்த இடம் எந்த மாவட்டமானாலும் அங்கும் ஒருநாள் போய், தெருப்பெயர் தெரியப் படமெடுங்கள். கேள்வி கேட்கும் வயதில் அவளுக்கு அது வேண்டும்.

கனடா திரும்பியபின் பிள்ளையின் முன்னேற்ற அறிக்கைகள் பல வருடங்களுக்குத் திணைக்களத்துக்குப் போக வேண்டும். அவற்றுக்கான செலவையும் முகவர் நிலையத்திடம் முதலிலேயே எழுத்தில் கேளுங்கள்.