மகள் இங்கிலாந்து பிரபுக்கள் கதை எழுதுகிறாள், என்ன படிக்க வைப்பது?

அன்புள்ள அம்மா,

பிளஸ் டூ படிக்கும் மகள் ராத்திரி ஒரு மணி வரை கண்விழித்து, இருநூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்தில் நடக்கும் காதல் கதையை ஆங்கிலத்தில் எழுதுகிறாள், அதில் மந்திரமும் தேவதையும் வேறு வருகின்றன, "இது சோறு போடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அவள் சம்மதத்துடன் நீங்கள் அனுப்பிய இரண்டு அத்தியாயங்களையும் படித்தேன். கதை எழுதி வரும் பணத்தை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. ஆனால் இந்தக் கதைக்காக அவள் தேடித் தேடிப் படிக்கிறாளே, அந்தப் பழக்கம் நிச்சயம் சோறு போடும். அதைத் தடுத்துவிடாதீர்கள்.

மன்னர் மூன்றாம் ஜார்ஜ் மனநலம் குன்றி ஆள முடியாமல் போனபோது, 1811 முதல் 1820 வரை அவர் மகன் அரசப் பிரதிநிதியாக இருந்து ஆண்டார். அதைத்தான் ரீஜென்சி காலம் என்கிறார்கள், உங்கள் மகளின் கதை நடப்பதும் அப்போதுதான். ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் நாவல்கள் அச்சேறியதும் அந்த வருஷங்களில்தான். நடன விருந்தும் குதிரை வண்டியும் மாப்பிள்ளை தேடும் அம்மாக்களும் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் நெப்போலியனோடு போர், வேலை போன கோபத்தில் இயந்திரங்களை உடைத்த தொழிலாளர்கள், அடிமைகளின் உழைப்பில் விளைந்த சர்க்கரைப் பணம். இந்த உலகத்தில் மந்திரத்தைச் சேர்த்து எழுதுவது ஆங்கிலத்தில் நன்றாக வேரூன்றிய ஒரு வகை. மலேசியாவில் பிறந்த ஸென் சோ எழுதிய, மந்திரவாதிகள் உலவும் ரீஜென்சி லண்டன் நாவல் 2015-ல் வந்தது. அவர் வக்கீலாக வேலை பார்த்தவர். இதை அவளுடைய அப்பாவிடம் அவசியம் சொல்லுங்கள்.

உங்கள் மகளிடம் எனக்குப் பிடித்தது ஒன்று. அந்தக் காலத்தில் பல பண்ணைகளுக்கு 'என்டெயில்' என்ற சட்டக் கட்டு உண்டு. சொத்து ஆண் வாரிசுக்கே போகும், மகன் இல்லையென்றால் தூரத்துப் பங்காளிக்கு. ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் கதாநாயகியின் அம்மாவுக்கு வரும் அத்தனை பதற்றத்துக்கும் காரணம் அதுதான். உங்கள் மகள் அப்படியொரு பண்ணைக்குக் காவல் ஆவி ஒன்றை வைத்திருக்கிறாள். அது மூத்த மகளின் சொல்லுக்கு மட்டுமே கட்டுப்படும். சட்டப்படி நிலம் பங்காளிக்குப் போய்விட்டது, ஆனால் அவன் கால் வைத்தால் கிணறு வற்றுகிறது. மந்திரத்தை அலங்காரமாகத் தூவாமல், சட்டம் ஒரு பெண்ணை எங்கே கைவிடுகிறதோ அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறாள். இந்த வயதில் இது சாதாரணமில்லை அம்மா.

குறைகளும் இருக்கின்றன. 1813-ல் நடக்கும் கதையில் கதாநாயகி தீக்குச்சி உரசி மெழுகுவர்த்தி ஏற்றுகிறாள். உரசிப் பற்றவைக்கும் தீக்குச்சி 1827-ல்தான் இங்கிலாந்தில் விற்பனைக்கே வந்தது. இது சின்னத் தவறு, ஒரு வரியில் திருத்திவிடலாம். அடுத்தது அப்படியில்லை. அவள் கதையில் எல்லா வீட்டிலும் கடிதம் கொண்டுபோகும் மந்திரக் காகங்கள் இருக்கின்றன. ஆனாலும் கதாநாயகி அண்ணனின் கடிதத்துக்காகத் தபால் வண்டியைப் பார்த்துக்கொண்டே பத்து நாள் உட்கார்ந்திருக்கிறாள். அன்று தபால் கூலியைப் பெரும்பாலும் கடிதம் பெறுகிறவர்தான் கொடுக்க வேண்டும். தூரத்துக்கும் தாளின் எண்ணிக்கைக்கும் ஏற்பக் கூலி ஏறும். அதனால் ஒரு தாளை நிரப்பிவிட்டு, அதையே பக்கவாட்டில் திருப்பி, எழுதிய வரிகளுக்குக் குறுக்கே மறுபடியும் எழுதுவார்கள். காகம் சும்மா பறக்கும் என்றால் இந்தச் சிக்கனமும் தேவையில்லை, அந்தப் பத்து நாள் காத்திருப்புக்கும் அர்த்தமில்லை. காகத்துக்கு என்ன விலை, யாருக்குக் கட்டுப்படியாகும் என்பதை அவள் முதலில் முடிவு செய்யட்டும்.

மேரி ராபினெட் கோவால் என்ற அமெரிக்க எழுத்தாளர், ஆஸ்டினின் நாவல்களில் வரும் சொற்களையெல்லாம் பட்டியலாக்கி, அதில் இல்லாத சொல் தன் நாவலில் எங்கே வருகிறது என்று கணினியில் தேடிப் பார்த்துத் திருத்தினார். இப்படிப்பட்ட அலுப்பான வேலையை உங்கள் மகள் யாரும் சொல்லாமல் செய்கிறாளா என்று கவனியுங்கள். மதிப்பெண்ணைவிட நான் அதைத்தான் பார்ப்பேன்.

படிப்பு விஷயத்துக்கு வருகிறேன். பி.ஏ. வரலாறு அல்லது பி.ஏ. ஆங்கில இலக்கியம். என்னைக் கேட்டால் வரலாறு. ஆங்கிலம் அவளுக்கு ஏற்கெனவே நன்றாக வருகிறது, ஆவணம் படிக்கும் பயிற்சிதான் வெளியிலிருந்து கிடைக்க வேண்டும். சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துப் பதிவுகள் இருக்கின்றன. ஆஸ்டினின் சொந்த அத்தை ஃபிலடெல்ஃபியா 1752-ல் கப்பலேறி இந்தியா வந்து, மறு வருஷம் நம் கடலூரில் கம்பெனி மருத்துவர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டவர். ஆஸ்டினின் தம்பி சார்லஸ் புதைக்கப்பட்டது திருகோணமலையில். இந்தப் பக்கத்திலிருந்து அந்த உலகத்தைப் பார்த்து எழுத உங்கள் மகளுக்கு வாய்ப்பு இருக்கிறது, அவளுக்கு அது தெரியட்டும்.

பயாலஜி குரூப் எடுத்தது இதற்குத் தடையில்லை. பட்டம் முடித்தால் டி.என்.பி.எஸ்.சி., பி.எட்., மூன்று வருஷச் சட்டப் படிப்பு எல்லாவற்றுக்கும் வழி உண்டு. இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை: வெளிநாட்டுப் பதிப்பகங்களின் புத்தகங்களுக்கான காப்பி எடிட்டிங், பக்க வடிவமைப்பு வேலைகள் சென்னையிலும் புதுச்சேரியிலும் நிறைய நடக்கின்றன. அவளைப் போன்ற கண் உள்ளவர்களுக்கு அங்கே இடம் இருக்கிறது. அப்பா சொல்லும் நர்சிங் நல்ல படிப்புதான், ஆனால் விருப்பமில்லாத பெண்ணை அதில் தள்ளாதீர்கள். லட்சக்கணக்கில் கட்டணம் கேட்கும் 'கிரியேட்டிவ் ரைட்டிங்' டிப்ளமோவும் இப்போது வேண்டாம்.

பணம் பற்றி அவளிடமே பேசுங்கள். ஆஸ்டின் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'யைத் தன் செலவில், நஷ்டம் வந்தால் தன் தலையில் என்ற ஏற்பாட்டில் போட்டு, முதல் பதிப்பில் 140 பவுண்ட் லாபம் பார்த்தார். அடுத்த நாவலான 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்'ஸின் உரிமையை 110 பவுண்டுக்கு மொத்தமாக விற்றுவிட்டார். அது நன்றாக ஓடி மறுபதிப்புகள் வந்தன, அவருக்கு அதில் ஒரு காசும் இல்லை. உரிமையை மொத்தமாக எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் உங்கள் மகள் என்றைக்கும் கையெழுத்துப் போடக் கூடாது. பணம் கட்டினால் புத்தகம் போடுகிறோம் என்று வருகிறவர்களிடமும், எழுத்தாளருக்காகப் பதிப்பகத்திடம் பேசி விற்றுத் தருவதாகச் சொல்லி, கதையைப் படிக்கவே கட்டணம் கேட்கும் ஏஜென்டிடமும் போகாதீர்கள். நல்ல ஏஜென்ட் புத்தகம் விற்ற பிறகுதான் தன் பங்கை எடுத்துக்கொள்வார், அதுவும் முதல் நாவல் என்றால் முழுதாக எழுதி முடித்திருந்தால்தான் பார்ப்பார். ஆஸ்டினின் நாவல்களுக்குக் காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது, அவற்றிலிருந்து தாராளமாக எடுத்து எழுதலாம். சமீபத்திய படங்களிலும் தொடர்களிலும் புதிதாகச் சேர்த்ததைத் தொடக் கூடாது.

பொதுத்தேர்வு வரை சாயங்காலம் ஒரு மணி நேரம் எழுதட்டும், பத்தரை மணிக்குத் தூங்கட்டும். லேப்டாப்பைப் பிடுங்கி வைக்காதீர்கள். மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேர கியூட் நுழைவுத்தேர்வு எழுத வேண்டும், அதன் விண்ணப்ப அறிவிப்பைப் பொதுத்தேர்வுக்கு முன்பிருந்தே கவனித்து வாருங்கள். தேர்வு முடிந்த விடுமுறையில் நாவலை ஓரமாக வைத்துவிட்டு, அந்தக் காகங்களை வைத்து ஒரே ஒரு சிறுகதையை முதலிலிருந்து கடைசி வரை எழுதி முடிக்கச் சொல்லுங்கள். முடித்ததும் எனக்கு அனுப்பட்டும். அந்தக் கதையை வைத்துக்கொண்டே பேசலாம், அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.