விரல்கள் வெளுக்கும் நோய்: மருந்து ஆய்வில் சேரலாமா?

கேள்வி: குளிர்ந்த நீரில் கை வைத்தாலே என் விரல்கள் வெள்ளைவெளேரென்று ஆகி, பிறகு நீலம் பாரித்து, சூடு ஏறும்போது சிவந்து எரிகின்றன. ரேனாட் நோய் என்றார் மருத்துவர். ஒரு மருந்து ஆய்வில் சேரும்படி சொல்கிறார். சில வாரங்களுக்கு மருந்தே இல்லாத மாத்திரை தருவார்களாம்; கையைக் குளிர்நீரில் வைத்தும் பார்ப்பார்களாம். சேரலாமா?

பதில்: உங்கள் தயக்கம் நியாயமானது. ஆனால் அந்த வெற்று மாத்திரை இல்லாவிட்டால் ஆய்வுக்குப் பொருளே இல்லை. இந்த நோயின் போக்கு அப்படி.

குளிர் பட்டால் விரல்களின் ரத்தக் குழாய்கள் எல்லோருக்கும் சுருங்கும். உங்களுக்கு அளவுக்கு மீறிச் சுருங்கி ரத்த ஓட்டம் தடைப்படுகிறது, அதனால் வெளுப்பு. எஞ்சிய ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும்போது நீலம். குழாய்கள் திறந்து ரத்தம் பாய்ந்ததும் சிவப்பும் எரிச்சலும். 1862-ல் பிரெஞ்சு மருத்துவர் மோரிஸ் ரேனாட் விவரித்ததும் இதைத்தான். வெயில் ஏறினால் தொல்லை தானாகவே குறையும். மனப் பதற்றம் கூடினால் அதிகரிக்கும். குளிர்காலம் முடியும் தறுவாயில் எந்த மாத்திரையைக் கொடுத்தாலும் 'குணம்' தெரியும்! அதனால்தான் பல ஆய்வுகளில் ஒருவருக்கே ஒரு கட்டத்தில் மருந்தும் மறு கட்டத்தில் வெற்று மாத்திரையும் தருகிறார்கள். எது முதலில் என்பது குலுக்கல் முறையில் முடிவாகும். உங்களுக்கும் தெரியாது, உங்களைப் பார்க்கும் மருத்துவருக்கும் தெரியாது. முதல் மருந்து உடலை விட்டு நீங்க நடுவே இடைவெளியும் உண்டு.

குளிர்நீர்ச் சோதனையில், விரல் பழைய வெப்பநிலைக்குத் திரும்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று அளப்பார்கள். பயனுள்ள அளவுதான், ஆனால் ஆய்வுக்கூடத்தில் விரல் சீக்கிரம் சூடானாலும் அன்றாட வாழ்க்கையில் அதே வலி தொடரலாம். எனவே நான் அதிகம் மதிப்பது உங்கள் நாட்குறிப்பை. இன்று எத்தனை முறை வந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, 0 முதல் 10 வரை எவ்வளவு சிரமம் என்று அன்றன்று எழுதுங்கள். மருத்துவரைப் பார்ப்பதற்கு முந்தைய இரவு மொத்தமாக நிரப்பினால் அது நினைவின் கணக்கு, நோயின் கணக்கு அல்ல. நடுவில் திடீரென்று தடித்த கையுறைக்கு மாறினால், அதன் பலனும் மருந்தின் பெயரில் சேர்ந்துவிடும்.

கையெழுத்திடும் முன் கேட்க வேண்டியவை சில. இப்போது ரத்தக் குழாயை விரிக்கும் நிஃபெடிபின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அதை நிறுத்தச் சொல்வார்களா, எத்தனை நாள்? ரத்தக் குழாயை விரிக்கும் மருந்துகளால் தலைவலி, முகம் சிவத்தல், தலைச்சுற்றல் வரலாம். நிஃபெடிபின் வகையில் கால் வீக்கமும் உண்டு. ஆய்வு மருந்து சில்டெனாஃபில் வகை என்றால், இதயத்துக்கான நைட்ரேட் மாத்திரையோடு அதைச் சேர்க்கவே கூடாது. பீட்டா பிளாக்கர்கள் (ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரும் ஒரு வகை மருந்து), ஒற்றைத் தலைவலிக்கான சில மருந்துகள், மூக்கடைப்பு மாத்திரைகள் ஆகியவை இந்த நோயையே கூட்டக்கூடும். சாப்பிடும் அனைத்தையும் சொல்லிவிடுங்கள். புகைப்பழக்கம் இருந்தால் அதையும்.

தோல் இறுகும் ஸ்க்லெரோடெர்மா, லூபஸ் போன்ற, உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் நோய்களின் அறிகுறியாகவும் விரல்கள் வெளுக்கும். நகக்கண்ணின் நுண்குழாய்களைப் பெரிதாக்கிப் பார்த்தார்களா, இந்நோய்களுக்கான தடயத்தை ரத்தத்தில் தேடும் ஏஎன்ஏ பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள். விரல் நுனியில் எப்போதாவது புண் வந்திருந்தால் முதலிலேயே தெரிவியுங்கள். அப்படிப்பட்டவர் மருந்தை நிறுத்துவதையும் குளிர்நீரில் கை வைப்பதையும் நான் விரும்ப மாட்டேன்.

வேறு நோய் இல்லை, புண்ணும் வந்ததில்லை, ரத்த அழுத்தமும் தாழ்வாக இல்லை என்றால், தாராளமாகச் சேருங்கள். காரணம் சொல்லாமலே எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதனால் உங்கள் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது. ஆய்வின் நடுவே விரல் கறுத்தாலோ, புண் வந்தாலோ, வெளுப்பும் வலியும் விடாமல் நீடித்தாலோ அடுத்த சந்திப்புவரை காத்திராமல் உடனே மருத்துவரை அணுகுங்கள். அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் ஒப்புதல் படிவத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.