பட்டறை ரியூப் லைற்றுகளை எல்ஈடிக்கு மாற்றினால் லாபமா? பழைய சோக்கைக் கழற்ற வேண்டுமா?

சோக்கைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். பட்டறை என்று கேட்டிருக்கிறீர்கள், ஆகவே லேத்தோ வாள் மெஷினோ ஏதோ ஒன்று அங்கே சுழலுகிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வீட்டு விறாந்தைக்கு மாற்றுவதற்கு இவ்வளவும் தேவையில்லை.

எங்களுடையது யாழ்ப்பாணம் கோண்டாவிலில் லேத் பட்டறை, ஐயா தொடங்கியது. 12 நாலடி ரியூப்கள் இருந்தன. 2022 ஆவணியில் மின் கட்டணம் சராசரி 75 வீதம் ஏறி, அது ஆறுவதற்குள் 2023 மாசியில் இன்னொரு 66 வீதம் ஏறியபோது நானும் கணக்குப் பார்த்தேன். 36 வாற் ரியூப் சோக்கையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 45 வாற் இழுக்கும். எல்ஈடி 18 வாற். 12 ரியூப்புக்கு 324 வாற் மிச்சம், நாளுக்கு 9 மணித்தியாலம், மாதம் 25 நாள் என்றால் 70 யூனிற்றுக்கு மேல். நல்ல லாபம்தான், அதை இன்றும் மறுக்கவில்லை.

நான் விட்ட பிழை, கடையில் இருந்ததிலேயே மலிந்த ரியூப்பை வாங்கியது. இரண்டாவது பிழை, வயறிங் செய்ய வந்தவர் செய்த வேலையைக் கேட்டுப் பார்க்காமல் விட்டது. அவர் ஒரே நாளில் முடித்துவிட்டார். "பழைய வயர்கள் குழப்பமாக இருந்ததால் எல்லாவற்றையும் ஒரே லைனில் எடுத்துவிட்டேன், இனிச் சுகம்" என்றார். பட்டறை பளிச்சென்று இருந்தது, எனக்கும் சந்தோசம்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, வேலை பழக வந்த பெடியன் சின்ன லேத்தில் ஒரு பித்தளைப் புஸ்ஸை எமறித்தாள் போட்டு மினுக்கிக்கொண்டிருந்தான். ஸ்பீட் 2000. பக்கத்தில் நான் கிரைண்டரில் நின்றதால் லேத் சத்தம் அவனுக்குக் கேட்கவில்லை. திரும்பிப் பார்க்கிறேன், சாமானைப் பிடித்துச் சுழற்றும் சக் நிற்கிறது. சாமானை இறுக்கிப் பிடிக்கும் அதன் மூன்று ஜோவும் தனித்தனியாகத் தெரிகின்றன, ஜோவின் விளிம்பில் இருந்த எண்ணெய்க் கறை கூடத் தெரிகிறது. பெடியன் துடைக்கிற துணியோடு கையை உள்ளே கொண்டுபோகிறான். நான் கத்தினேன். கையை இழுத்துவிட்டான், ஆனால் துணியை ஜோ பிடித்துச் சுற்றி, ஒரு முனை கிழிந்து என் காலடியில் வந்து விழுந்தது. அவனுக்குப் பெருவிரல் நகம் கறுத்ததோடு போயிற்று. "அண்ணை, நிண்டுட்டுது எண்டு நினைச்சன்" என்றான். அவனில் பிழை சொல்ல என்னால் முடியவில்லை, எனக்கும் நின்ற மாதிரித்தான் தெரிந்தது.

காரணம் இதுதான். எங்கள் கறண்ட் 50 ஹேர்ட்ஸ், ஆகவே வெளிச்சம் ஒரு செக்கனுக்கு 100 தரம் ஏறி இறங்கும். பழைய ரியூப்பிலும் இது உண்டு, ஆனால் உள்ளே பூசியிருக்கும் வெள்ளைப் பூச்சு கறண்ட் இறங்கும் நேரத்திலும் கொஞ்சம் ஒளிர்ந்துகொண்டிருக்கும். சரியான டிரைவர், அதாவது கறண்டைச் சீராக்கிக் கொடுக்கும் உள் சுற்று, இல்லாத மலிந்த எல்ஈடி அந்த இடைவெளியில் முழுதாக அணைந்து எரியும். நிமிடத்துக்கு 2000 சுற்று என்றால் வெளிச்சத்தின் ஒவ்வொரு துடிப்புக்கும் சக் சரியாக மூன்றில் ஒரு சுற்றுச் சுற்றும். ஒரு ஜோ இருந்த இடத்தில் அடுத்த ஜோ வந்து நிற்கும். கண்ணுக்கு அசைவே இல்லை. நாலு ஜோ சக்குக்கு இது 1500இல் நடக்கும்.

அன்று இரவு ஏணி வைத்து ஏறிப் பார்த்தபோதுதான் ஐயா செய்து வைத்திருந்தது விளங்கியது. அந்தக் "குழப்பமான" வயர்கள் குழப்பமே இல்லை. பக்கத்துப் பக்கத்து ரியூப்களை மூன்று பேஸிலும் மாற்றி மாற்றிக் கொடுத்திருக்கிறார். மூன்று பேஸ் என்றால், ஒன்றுக்கொன்று நேரம் தள்ளி ஏறி இறங்கும் மூன்று கறண்ட் லைன். ஒரு ரியூப் மங்கும்போது மற்ற இரண்டும் எரியும்.

இதைப் படித்துவிட்டு, நல்ல டிரைவர் உள்ள எல்ஈடிக்கு மூன்று பேஸ் தேவையில்லை, பக்கத்தில் பக்கத்தில் வேறு வேறு பேஸைக் கொடுத்து இடையில் 400 வோல்ற்றைக் கொண்டுவருவதுதான் ஆபத்து என்று யாராவது எழுதுவார்கள். சரி, ஒரே பிற்றிங்குக்குள் இரண்டு பேஸ் வரக் கூடாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் வாங்குகிற ரியூப்பில் நல்ல டிரைவர் இருக்கிறது என்று பெட்டியைப் பார்த்து எப்படி நம்புவது? அந்த வெளிச்சத்தின் கீழே ஒரு பேனையை வேகமாக ஆட்டிப் பாருங்கள். தொடர்ச்சியான மங்கலாகத் தெரிந்தால் நல்லது. பத்துப் பேனை தனித்தனியாகத் தெரிந்தால் கடைக்கே திருப்பிக் கொடுங்கள்.

இதை எழுதும்போது இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒழுங்கான லேத் வேலை கிடையாது, சாமானைக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும் என்று இப்போது கொஞ்சப் பேர் சொல்லித் திரிகிறார்கள். 1990இல் கறண்ட் போன பிறகு பொருளாதாரத் தடைக்குள்ளே, பெற்றோலைத் துளித்துளியாக விட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய ஊர் இது. அந்தக் காலத்தில் தோட்டத்து வாட்டர் பம்புகளுக்கு ஒரிஜினல் சாமான் எங்கிருந்து வந்தது? எங்கள் ஐயாவும் அவரைப் போன்றவர்களும், எஞ்சினில் பெல்ற் போட்டு லேத்தை ஓட்டி, பழைய இரும்பில் கடைந்து கொடுத்தார்கள். அப்படிப்பட்ட மனிசனின் வயறிங்கைத்தான் ஒரே நாளில் அறுத்தெறிந்தோம்.

சோக்குக்கு வருகிறேன். இரும்புச் சோக் உள்ள பிற்றிங்கில், அதற்கென்று செய்த எல்ஈடி ரியூப் என்றால், ஸ்ராட்டரைக் கழற்றி ரியூப்போடு வரும் எல்ஈடி ஸ்ராட்டரைப் போட்டாலே எரியும். சோக் கொஞ்சம் கறண்டைத் தின்றுகொண்டிருக்கும், அவ்வளவுதான். எலெக்ட்ரோனிக் சோக் என்றால், அதற்கென்று செய்த ரியூப் இல்லாவிட்டால், அதைக் கழற்றி நேரடியாகக் கொடுக்க வேண்டும். நேரடியாகக் கொடுக்கும்போது ரியூப்பில் உள்ள படத்தைப் பாருங்கள். சிலவற்றுக்கு ஒரு பக்கத்திலேயே லைவும் நியூற்றலும், சிலவற்றுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. ஒரு பக்க ரகத்தில் மறுமுனையின் இரண்டு பின்னும் உள்ளே ஒன்றாகச் சேர்ந்திருக்கலாம். ரியூப்பைத் திருப்பிப் போட்டால் நேரடி ஷோட். ஆகவே எந்த ஹோல்டரில் கறண்ட் வருகிறது என்று பிற்றிங்கில் எழுதி ஒட்டுங்கள்.

கழற்றும் பழைய ரியூப்களைப் பின் வளவில் போட்டு உடைக்க வேண்டாம். உள்ளே பாதரசம் இருக்கிறது, எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல், மேலே விழுவது கிணற்றுக்குப் போகும். என்னுடைய 12உம் அட்டைப் பெட்டியில் கட்டி வைத்தபடி இருக்கின்றன.

நான் பிறகு மலிந்ததை எல்லாம் கழற்றி நல்ல ரகம் போட்டு, ஐயா விட்ட மாதிரியே மூன்று பேஸிலும் பிரித்துவிட்டேன். உங்கள் பட்டறைக்கும் மூன்று பேஸ் என்றால், வயறிங்காரர் வருவதற்கு முன்பே ஏறி, எந்த ரியூப் எந்த பேஸில் எரிகிறது என்று ஒவ்வொரு பிற்றிங்கிலும் வெண்கட்டியால் எழுதி வையுங்கள்.