மச்சான் ஊற்றிய ஆயிலுக்கு வாரன்டி கிடைக்குமா?

கேள்வி: 2 வருடம் 4 மாதத்துக்கு முன்பு டர்போ பெட்ரோல் கார் வாங்கினேன். ஆன்ரோடு விலை 11 லட்சம். அதில் 9 லட்சம் கடன், 7 வருடத் தவணை, மாதம் 14,700 ரூபாய். கம்பெனி வாரன்டி 3 வருடம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர். வண்டி ஓடியது 17,000 கிலோமீட்டர்தான். முதல் இரண்டு ஃப்ரீ சர்வீஸை ஷோரூமில் செய்தேன். ஒரு வருட சர்வீஸை, 10,000 கிலோமீட்டர் ஆகவில்லையே என்று நான்கு மாதம் தள்ளிப்போட்டேன். பிறகு ஷோரூமில் 6,800 ஆகும் என்றார்கள். ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மாமா பையன், "கம்பெனியில விட்டா கொள்ளையடிப்பாங்க மச்சான், நான் பார்த்துக்கறேன்" என்று 2,500-க்கு முடித்துக் கொடுத்தான். அடுத்த சர்வீஸுக்கு ஷோரூமில் 9,200 சொன்னார்கள், அவன் 3,800 வாங்கினான். இரண்டுக்கும் பில் இல்லை.

இப்போது இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போ போய்விட்டது, 72,000 ஆகும் என்கிறார்கள். டச் ஸ்கிரீனும் அடிக்கடி அணைந்துபோகிறது, அதற்கு 38,000. சர்வீஸ் ஹிஸ்டரி இல்லாததால் இரண்டுக்கும் வாரன்டி கிடையாதாம். மாமா பையன் பழைய தேதி போட்டு பில் தருகிறேன் என்கிறான். கடைச் செலவுக்காக என்னிடம் கைமாத்தாக வாங்கிய 60,000-ஐ இன்னும் திருப்பித் தரவில்லை. கேட்கக் கூடாது என்கிறார் அம்மா. 24 மாதத்துக்கு 16% வட்டியில் பர்சனல் லோன் எடுத்து ரிப்பேர் செய்யலாமா? எக்ஸ்டெண்டட் வாரன்டியும் சர்வீஸ் பேக்கேஜும் சேர்த்து ஷோரூமில் 34,000-க்குத் தருகிறார்களே, அதையும் எடுக்கலாமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈரோடு

பதில்: முதலில் அந்தப் பழைய தேதி பில்லை வாங்காதீர்கள். அது போலி ஆவணம். இன்றைக்கு உங்களிடம் இருக்கும் குறை சர்வீஸ் தாமதமும் பில் இல்லாததும் மட்டும்தான். பொய் பில்லைக் கொடுத்து மாட்டிக்கொண்டால், நியாயமாகக் கிடைக்க வேண்டியதும் கிடைக்காது. அந்த பில் போட்ட மாமா பையனுக்கும் வம்பு.

உங்கள் கடிதத்தில் கார், கடன், வாரன்டி என்று பல விஷயங்கள் வந்தாலும், எனக்குத் தெரிவது ஒரே பழக்கம்தான். சொந்தக்காரர் என்றால் காகிதம் கேட்காமல் விட்டுவிடுகிறீர்கள். ஆயில் மாற்றியதற்கு பில் இல்லை, 60,000 கொடுத்ததற்கும் எழுத்து இல்லை. இதை மாற்றாமல் எந்த லோன் எடுத்தாலும் அடுத்த வருடம் இதே போல இன்னொரு கடிதம் எழுதுவீர்கள்.

கணக்கைப் பாருங்கள். இரண்டு சர்வீஸிலும் சேர்த்து நீங்கள் மிச்சம் பிடித்தது 9,700 ரூபாய். இப்போது கேட்கப்படுவது 1,10,000. அதை 16% வட்டியில் 24 மாதத்துக்கு வாங்கினால் தவணை சுமார் 5,400 வரும். மொத்தம் கட்டுவது ஏறக்குறைய 1,29,000. கார் தவணையோடு சேர்த்தால் ஒரே வண்டிக்காக மாதம் 20,100 ரூபாய் போகும், பெட்ரோலும் இன்சூரன்ஸும் இல்லாமல்.

ஷோரூம் சொன்ன 6,800-லும் கோளாறு இருக்கிறது. ஃப்ரீ சர்வீஸ் என்றால் கூலிதான் இலவசம். ஆயில், ஃபில்டருக்குக் காசு உண்டு. அதற்கு மேல் ஏசி கிருமிநாசினி, இன்டீரியர் கிளீனிங், இன்ஜினில் கரி நீக்கும் டீகார்பனைசிங் என்று அட்வைசர் எழுதிக்கொண்டே போவார். இதில் பெரும்பாலானவை கார் கையேட்டின் சர்வீஸ் அட்டவணையில் இருக்காது. கையேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "இதில் உள்ளதை மட்டும் செய்யுங்கள்" என்று சொல்லியிருந்தால் தொகை கணிசமாகக் குறைந்திருக்கும். அட்டவணையில் இல்லாத வேலையை வேண்டாம் என்றதற்காக வாரன்டி போகாது. பயந்துபோய் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறோம், அல்லது கோபத்தில் ஷோரூம் பக்கமே போகாமல் விடுகிறோம். இரண்டுமே நஷ்டம்.

கிலோமீட்டர் விஷயத்தில் நீங்கள் செய்தது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. பெரும்பாலான பெட்ரோல் கார்களின் அட்டவணையில் 10,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதம், எது முதலில் வருகிறதோ அது என்று இருக்கும். குறைவாக ஓடும் வண்டிக்கு மாதக் கணக்குதான் முதலில் வரும். வண்டி நின்றுகொண்டிருந்தாலும் ஆயில் கெடும். கொஞ்ச தூரம் ஓட்டி இன்ஜின் சூடாகும் முன்பே அணைத்தால், ஆயிலில் ஈரமும் பெட்ரோலும் சேர்ந்து இன்னும் சீக்கிரம் கெடும்.

இப்போது வாரன்டிக்கு வருவோம். இங்கே டர்போவையும் ஸ்கிரீனையும் ஒரே மூட்டையாகக் கட்ட விடாதீர்கள்.

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. அதன் பேரிங்கை வழவழப்பாக வைப்பதும் சூட்டை இழுப்பதும் இன்ஜின் ஆயில்தான். ஆயில் பழசானால், அல்லது கம்பெனி சொன்ன கிரேடு இல்லாமல் வேறு எதையாவது ஊற்றினால், முதலில் அடிவாங்குவது டர்போ. அதனால் இந்தக் கோளாறுக்கும் சர்வீஸ் தாமதத்துக்கும் தொடர்பு உண்டு என்று கம்பெனி வாதாட இடம் இருக்கிறது. முழுத் தொகையும் கிடைக்கும் என்று நம்பிக்கை தர என்னால் முடியாது.

ஸ்கிரீன் கதை வேறு. ஆயில் மாற்றாததால் ஸ்கிரீன் அணையாது. 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகள் மீது, சந்தையில் நியாயமான போட்டி நடக்கிறதா என்று பார்க்கும் இந்தியப் போட்டி ஆணையம் ஓர் உத்தரவு போட்டது. வெளி மெக்கானிக்கிடம் வேலை பார்த்தார்கள் என்ற ஒரே காரணத்துக்காக வாரன்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக் கூடாது, வெளியில் நடந்த தவறான வேலையால் வந்த சேதம் எவ்வளவோ அந்த அளவுக்கு மட்டுமே மறுக்கலாம் என்பது அதன் சாரம். கம்பெனிகள் அதை எதிர்த்து மேல்முறையீட்டுக்குப் போயின என்பதால், இந்த உத்தரவைக் காட்டினாலே காரியம் முடிந்துவிடும் என்று எண்ண வேண்டாம். ஆனால் கேள்வி நியாயமானது: இந்தக் கோளாறு எந்தத் தாமதத்தால் வந்தது?

அந்தக் கேள்வியை டீலரிடம் வாயால் கேட்காதீர்கள். கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மெயில் எழுதுங்கள். இரண்டு கோளாறுக்கும் தனித்தனி மெயில். வாரன்டி புத்தகத்தின் எந்த விதிப்படி மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். மாமா பையனுக்கு நீங்கள் பணம் அனுப்பிய யுபிஐ பதிவு, அவர் ஆயிலும் ஃபில்டரும் வாங்கிய ஸ்பேர் பார்ட்ஸ் கடையின் உண்மையான பில், ஆயில் கிரேடு, எது இருந்தாலும் இணையுங்கள். எதுவும் இல்லையென்றால் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். டர்போவுக்கு 'குட்வில்', அதாவது நல்லெண்ண அடிப்படையில் செலவைப் பகிரும்படி கேளுங்கள். வாரன்டி காலத்துக்குள் இருக்கும் வண்டிக்கு உதிரிபாக விலையில் ஒரு பகுதியைக் கம்பெனி ஏற்றுக்கொள்வது உண்டு. அது உரிமை இல்லை, அதனால் மரியாதையாகவே கேளுங்கள்.

ஸ்கிரீனுக்கு மறுப்பு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். 10 முதல் 20 லட்சம் வரை விலை கொடுத்த பொருளுக்குக் கட்டணம் 400 ரூபாய். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும்.

பணம் எங்கிருந்து வரும்? பர்சனல் லோன் வேண்டாம். டர்போ வேலைக்கு உங்களுக்கு வரவேண்டிய 60,000 இருக்கிறது. அம்மாவின் சங்கடம் புரிகிறது. ஆனால் மகன் வட்டி கட்டி அந்தச் சங்கடத்தைச் சுமப்பதில் என்ன நியாயம்? மாமா பையனை நேரில் பார்த்து, மாதம் 10,000 வீதம் ஆறு மாதம் என்று ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். சண்டை வேண்டாம், குரல் உயர்த்தவும் வேண்டாம். கம்பெனியின் பதில் வரும்வரை வண்டியை ஓட்டாமல் நிறுத்துங்கள். டர்போ உடைந்த துண்டுகள் இன்ஜினுக்குள் போனால் 72,000 என்பது சின்னத் தொகையாகிவிடும். ஸ்கிரீன் இல்லாமல் வண்டி ஓடும். அதற்குக் கடன் வாங்குவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

34,000 ரூபாய் பேக்கேஜைப் பற்றி. இப்போதே உடைந்திருப்பதை அது சரிசெய்யாது. எக்ஸ்டெண்டட் வாரன்டிக்கும் அதே சர்வீஸ் நிபந்தனைதான், அதனால் உங்கள் வண்டி அதற்குத் தகுதியா என்பதை முதலில் கம்பெனியிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். இன்னும் 56 தவணை பாக்கி இருக்கும் டர்போ வண்டிக்கு எக்ஸ்டெண்டட் வாரன்டி மட்டும் தனியாக எடுப்பது தவறில்லை, வருடா வருடம் தேதி தவறாமல் ஷோரூமுக்குப் போவீர்கள் என்றால். கூடவே வரும் சர்வீஸ் பேக்கேஜ் வேண்டாம். அதற்குப் பதில் இந்த மாதத்திலிருந்தே மாதம் 1,000 ரூபாயைத் தனி ஆர்டியில் (வங்கித் தொடர் வைப்பில்) போடுங்கள், அடுத்த சர்வீஸ் வரும்போது பணம் தயாராக இருக்கும்.

வாரன்டி காலம் முழுக்க முடிந்த பிறகு வண்டியைத் தாராளமாக மாமா பையனிடம் விடலாம். வெளி மெக்கானிக்குகளில் நல்ல வேலைக்காரர்கள் நிறையப் பேர். தேதி, கிலோமீட்டர், ஆயில் கிரேடு மூன்றையும் எழுதி பில் வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியை விற்கப் போகும்போது வாங்குபவர் முதலில் கேட்பதும் அதைத்தான்.