மாடி பிரிண்டர் கீழ்க் கம்ப்யூட்டருக்கு ஏன் எட்டவில்லை?

கேள்வி: கீழே நெட் கம்பெனி வைத்த ரவுட்டர். மாடிக்கு சிக்னல் வராததால் இன்னொரு ரவுட்டர் வாங்கி கேபிளில் இணைத்தேன். இரண்டு இடத்திலும் நெட் வருகிறது, ஆனால் கீழ்க் கம்ப்யூட்டரிலிருந்து மாடி பிரிண்டரில் பிரிண்ட் போகவில்லை. கடைக்காரர் ஸ்டேட்டிக் ஐபி வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஸ்டேட்டிக் ஐபி என்பது நெட் கம்பெனி உங்கள் இணைப்புக்குத் தரும் மாறாத முகவரி எண்; வெளியூரிலிருந்து உங்கள் வீட்டு கேமராவைப் பார்க்க உதவும். வீட்டுக்குள் இருக்கும் பிரிண்டருக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது. மாதாமாதம் காசு போகும், பிரிண்ட் மட்டும் வராது. அடுத்து 'பெரிய ரவுட்டர்' என்று ஆரம்பிப்பார், அதற்கும் தலையாட்டாதீர்கள்.

ஒவ்வொரு ரவுட்டரும் தன்னிடம் இணைந்தவற்றுக்குத் தன் வரிசையில் ஐபி எண் (நெட்வொர்க் முகவரி) கொடுக்கும். கீழ் ரவுட்டர் கம்ப்யூட்டருக்கு 192.168.1.5, மாடி ரவுட்டர் பிரிண்டருக்கு 192.168.0.20 கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். எண்ணில் எவ்வளவு பகுதி நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்று சொல்லும் சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்றால் முதல் மூன்று எண்களும் ஒன்றாக இருந்தால்தான் ஒரே நெட்வொர்க். இங்கே மூன்றாவது எண் இடிக்கிறது, அதனால் கம்ப்யூட்டர் பாக்கெட்டை (அனுப்பும் தகவல் பொட்டலத்தை) கீழ் ரவுட்டரிடம் தள்ளிவிடும். அந்த ரவுட்டரின் ரவுட்டிங் டேபிளில், அதாவது எதை எந்தப் பக்கம் அனுப்புவது என்ற பட்டியலில், முக்கியமாக இரண்டே வரி: 192.168.1 என்றால் வீட்டுக்குள், மற்றதெல்லாம் நெட் கம்பெனி பக்கம். 192.168.0 மாடியில் இருக்கிறது என்று அதற்கு யார் சொன்னது? பாக்கெட் மாடி ஏறாமல் தெருவுக்குப் போய்த் தொலைகிறது.

ஒருவேளை மாடி ரவுட்டரும் 192.168.1 வரிசையிலேயே இருந்தால் கதையே வேறு. சில மாடல்கள் மோதலைக் கண்டு தானாக எண்ணை மாற்றிக்கொள்ளும். மாற்றாதவற்றில் உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே சப்நெட்டாகிவிடும் (ஒரே எண் வரிசை), எதை எங்கே அனுப்புவது என்று தெரியாமல் மாடியில் நெட்டே வராது. கீழ்க் கம்ப்யூட்டரோ பிரிண்டர் பக்கத்திலேயே இருப்பதாக நினைத்து ரவுட்டரைக் கேட்கக்கூடக் கேட்காது. உங்களுக்கு நெட் வருவதால் இந்தச் சிக்கல் இல்லை.

கீழ் ரவுட்டரில் ஸ்டேட்டிக் ரூட் என்று, 192.168.0-க்கு வழி மாடி ரவுட்டர் எனச் சொல்லும் ஒரு வரி சேர்க்கலாம்தான்; மாடி ரவுட்டரும் அதை உள்ளே விட வேண்டும். ஆனால் நாம் வாடகை கட்டும் பெட்டியின் அட்மின் பாஸ்வேர்டை நமக்கே தர மாட்டார்கள், போன் போட்டால் "ரீஸ்டார்ட் பண்ணுங்க சார்" என்பார்கள்.

எனவே மாடி ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றுங்கள்; அது தனி நெட்வொர்க் போடாமல் கீழ் நெட்வொர்க்கையே மாடிக்கு நீட்டும். அந்த வசதி இல்லையா? அதில் டிஹெச்சிபியை (ஐபி எண்ணைத் தானாக விநியோகிக்கும் வசதியை) அணைத்து, அதன் ஐபியைக் கீழ் ரவுட்டர் விநியோகிக்காத ஒரு 192.168.1 எண்ணாக மாற்றி, அப்புறம் கேபிளை வேன் (WAN, வெளி இணைப்பு) போர்ட்டிலிருந்து லேன் (LAN, வீட்டு இணைப்பு) போர்ட்டுக்கு மாற்றிச் செருகுங்கள். பிரிண்டரை அணைத்துப் போட்டால் புது ஐபி வாங்கிக்கொள்ளும்; கம்ப்யூட்டரில் பழைய பிரிண்டரை நீக்கிவிட்டு மறுபடி சேருங்கள்.