ஈபி இல்லாத வீட்டில் மின்சார வண்டி சார்ஜ்: கேள்வி பதில்

ஈபி லைனோடு சேராமல் பேனல், பேட்டரி, இன்வெர்ட்டர் மட்டும் வைத்து ஓடும் ஆஃப்-கிரிட் சோலாரில் வண்டி சார்ஜ் செய்வது பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

கேள்வி: தாராபுரம் பக்கம் தோட்டத்து வீடு, ஈபி கிடையாது. 3 கிலோவாட் ஹவர் பேட்டரி ஸ்கூட்டர். தினம் 40 கிலோமீட்டர் ஓடும். எத்தனை பேனல் வேண்டும் அண்ணா?

பதில்: இந்த மாதிரி ஸ்கூட்டர் கிலோமீட்டருக்கு 30 முதல் 35 வாட் ஹவர் எடுக்கும். சார்ஜரில் போகும் நஷ்டத்தையும் சேர்த்தால் உங்கள் ஓட்டத்துக்கு ஒன்றரை யூனிட் (ஒரு யூனிட் என்றால் 1 கிலோவாட் ஹவர்). நம் ஊர் வெயிலில் 1 கிலோவாட் பேனல் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். 540 வாட் பேனல் இரண்டு போட்டால் வண்டி போக லைட், ஃபேனுக்கும் மிஞ்சும்.

அதைவிட முக்கியம், சார்ஜ் போடும் நேரம். காலை 10 மணியிலிருந்து 3 மணிக்குள் போடுங்கள். பேனல் கரண்ட் நேராக வண்டிக்குப் போகும். ராத்திரி போட்டால் அதே கரண்ட் முதலில் வீட்டு பேட்டரியில் ஏறி, பிறகு இறங்கி வர வேண்டும். லெட்-ஆசிட் பேட்டரியில் அந்த ஏற்ற இறக்கத்திலேயே ஐந்தில் ஒரு பங்கு வீணாகும், பேட்டரி ஆயுளும் குறையும்.

கேள்வி: பகலில் வண்டி ஆபீஸில் நிற்கிறது. நான் என்ன செய்ய?

பதில்: தினம் 15, 20 கிலோமீட்டர்தானே ஓடும்? அப்படியென்றால் தினமும் சார்ஜ் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை பகலில் முழுசாக ஏற்றினால் வாரத்தின் பெரும்பகுதி ஓடிவிடும். ராத்திரிதான் முடியும் என்றால் 51.2 வோல்ட் 100 ஆம்பியர் ஹவர் லித்தியம் பாஸ்பேட் பேட்டரி ஒன்று வையுங்கள். அதில் 5 யூனிட் இருக்கும். அதே வேலைக்கு 150 ஆம்பியர் ஹவர் லெட்-ஆசிட் நான்கு வேண்டும். அதிலும் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது.

கேள்வி: 5 கேவிஏ இன்வெர்ட்டரில் காரை மாட்டினால் சார்ஜரில் எர்த் ஃபால்ட் காட்டுகிறது. அதே கேபிள் மாமனார் வீட்டு ஈபி பிளக்கில் வேலை செய்கிறது சார்.

பதில்: கேபிளில் குறை இல்லை. கார் சார்ஜர்கள் பெரும்பாலும் கரண்டை விடுவதற்கு முன்னால் எர்த்தைச் சோதிக்கும். ஈபி லைனில் டிரான்ஸ்பார்மரிலேயே நியூட்ரலை எர்த் செய்திருப்பார்கள். பல ஆஃப்-கிரிட் இன்வெர்ட்டர்களில் இரண்டு வயருமே எர்த்தோடு சேராமல் மிதக்கும். மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள்: ஒவ்வொரு வயருக்கும் எர்த்துக்கும் இடையே 115 வோல்ட் பக்கம் காட்டினால் காரணம் இதுதான்.

நல்ல எர்த் குழி போட்டு, இன்வெர்ட்டர் அவுட்புட்டில் நியூட்ரலை ஒரே ஒரு இடத்தில் எர்த்தோடு சேர்த்து, கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வைக்க வேண்டும். இன்வெர்ட்டரின் மேனுவல் அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டு, விவரம் தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள். ஈபியும் அதே இன்வெர்ட்டர் வழியாக வருகிறதென்றால் இந்த இணைப்பு நிரந்தரமாக இருக்கக் கூடாது. ஈபி வரும்போது தானே பிரியும் ரிலே தேவை. எர்த் சோதனையை ஏமாற்றும் அடாப்டரை யாராவது கொடுத்தால் தயவுசெய்து வாங்காதீர்கள். கார் பாடியில் கரண்ட் கசிந்தால் தொடுபவரின் உயிர் போகும்.

கேள்வி: பேனலை நேராக ஸ்கூட்டர் பேட்டரியில் கொடுத்தால் இன்வெர்ட்டர் செலவு மிச்சமாகுமே?

பதில்: கூடாது. வெயிலுக்கு வெயில் பேனல் வோல்டேஜ் மாறும். லித்தியம் பேட்டரிக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று கம்பெனி சார்ஜருக்குத்தான் தெரியும். தீப்பிடிக்கும் அபாயம் உண்டு, வாரண்டியும் போய்விடும். வீட்டில் இருக்கும் பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரும் வேண்டாம், ஈபி போலவே சீரான அலையில் கரண்ட் தரும் ப்யூர் சைன் வேவ்தான் வேண்டும்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஈபி இருக்கிறது. மானியம் வாங்கி ஆஃப்-கிரிட் போடலாமா?

பதில்: 2024-இல் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. ஆனால் அது ஈபியோடு இணைந்த சோலாருக்குத்தான். ஈபி ஒழுங்காக வரும் வீட்டுக்கு நானும் அதையே சொல்வேன். பேட்டரி செலவே இல்லை. ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: பேட்டரி இல்லாத ஆன்-கிரிட், பவர் கட் ஆனதும் தானும் நின்றுவிடும்.

கேள்வி: ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்?

பதில்: நாள் முழுக்க மூடியிருந்தால் பேனல் வழக்கத்தில் கால் பங்கு தருவதே பெரிது. மழை அறிவிப்பு வந்ததும் முந்தின நாளே வண்டியை முழுசாக ஏற்றிவிடுங்கள். மழை நாளில் வீட்டு பேட்டரியை வண்டிக்குக் கொடுக்காதீர்கள், அது லைட்டுக்கும் மோட்டாருக்கும் இருக்கட்டும். அவசரம் என்றால் ஊருக்குள் தெரிந்தவர் வீட்டு பிளக்கில் இரண்டு மணி நேரம் போட்டாலே ஸ்கூட்டருக்கு ஒரு நாள் ஓட்டம் வந்துவிடும்.