மூன்று இலட்சம் ரூபாய்க்கு முன் மூன்று பக்கம்

கேள்வி: கொட்டாஞ்சேனையில் வசிக்கிறேன். பகலில் கணக்கு வேலை, இரவில் வரைவேன். 1960இல் நின்றுபோன கொழும்பு ட்ராம் வண்டிகளைப் பற்றி அம்மப்பா சொன்ன கதையை 22 பக்கச் சித்திரக்கதையாக வரைந்து முடித்திருக்கிறேன். அதை மோஷன் காமிக் (வரைந்த படங்களையே நகரவைத்து, ஒலி சேர்த்த வீடியோ) ஆக்க ஆசை. ஒருவர் மூன்று இலட்சம் ரூபாய் கேட்கிறார். பதிப்புரிமையையும் பதிவு செய்து தருவாராம். நானே செய்ய முடியுமா? 8 ஜிபி மடிகணினி போதுமா? அம்மாவின் பழைய கசெட்டில் உள்ள தேவாரத்தைப் பின்னணியில் போடலாமா?

பதில்: தம்பி, முதலில் அந்த மனிதருக்குத் தொலைபேசி எடுத்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

இலங்கையில் பதிப்புரிமையைப் பதிவு செய்யும் முறையே கிடையாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, வரைந்த கணத்திலேயே அந்தப் படம் உங்களுடையது. உங்கள் ஆயுள் முழுவதும், அதற்குப் பின் இன்னும் 70 ஆண்டுகளும் உரிமை இருக்கிறது. தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதிவது வியாபாரக் குறி, ஆக்கவுரிமை (பேட்டன்ட்) போன்றவற்றை. இந்த வேறுபாடு பலருக்குத் தெரியாது என்பதுதான் தரகர்களின் மூலதனம். சில ஆண்டுகளுக்கு முன் பம்பலப்பிட்டியில் ஒரு பையன் தங்க நிற முத்திரை ஒட்டிய 'பதிப்புரிமைச் சான்றிதழ்' ஒன்றைப் பெருமையோடு என்னிடம் காட்டினான். தமிழில் மூன்று எழுத்துப்பிழை, ஆங்கிலத்தில் இரண்டு. அதற்கு அவன் கொடுத்தது ஒரு மாதச் சம்பளம். பென்சில் வரைவுகளைத் திகதி போட்டு வைத்திருங்கள். ஸ்கேன் செய்தவற்றை உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள். சான்று வேண்டுமானால் அது உதவும்.

இந்த ஆட்களிடம் சான்றிதழைவிட ஆபத்தானது விலைமதிப்புக் கடிதத்தின் கடைசி வரி. 'அனைத்து உரிமைகளும் தயாரிப்பாளருக்கே' என்று சின்ன எழுத்தில் இருக்கும். உரிமையைக் கைமாற்ற எழுத்தும் கையெழுத்தும் வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதனால்தான் அவர்கள் உங்கள் கையெழுத்துக்கு அவ்வளவு அவசரப்படுகிறார்கள். என்றாவது ஒருநாள் யாருக்காவது காசு கொடுத்து வேலை வாங்கினாலும், முடிந்த வீடியோவை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். லேயர்களோடு, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தனித்தனிப் படலங்களோடு, கூடிய மூலக் கோப்பையும் கேளுங்கள். தரத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

நீங்களே செய்யலாம். ஆனால் 22 பக்கத்தையும் அல்ல. பக்கத்துக்கு ஐந்து கட்டம், கட்டத்துக்கு ஐந்து விநாடி என்று வைத்தாலும் ஒன்பது நிமிடம் வரும். முதல் முயற்சியில் ஒன்பது நிமிடத்தைத் தொட்டவர்கள் மூன்றாவது நிமிடத்தில் கைவிட்டதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். மூன்று பக்கம் எடுங்கள், 75 விநாடி. முழு அசைவுப் படமென்றால் விநாடிக்கு 24 படம் என்ற கணக்கில் அந்த 75 விநாடிக்கே 1,800 படம் வேண்டும். மோஷன் காமிக்குக்கு உங்கள் பதினைந்து கட்டங்களே போதும்.

பக்கங்களை எந்த அளவில் ஸ்கேன் செய்தீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. ஏ4 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளியில் எடுத்தால் அகலம் 2,480 பிக்சல். ஒரு வரிசையில் இரண்டு கட்டம் இருந்தால் ஒன்றுக்குக் கிடைப்பது சுமார் 1,240. வீடியோவின் அகலமோ 1,920. பெரிதாக்கினால் உங்கள் கோடுகள் மழையில் நனைந்த மை போல ஊறிவிடும். 600 புள்ளியில் மறுபடி எடுங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

இப்போது ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்வோம். புறக்கோட்டையில் ட்ராம் வருகிறது, முன்னால் குடைபிடித்த ஒருவர் நிற்கிறார், பின்னால் கடைகள். கிரிட்டா என்ற இலவச மென்பொருளில் அதை மூன்று லேயராக வெட்டுங்கள்: கடைகள், ட்ராம், குடைக்காரர். வெட்டி எடுத்த இடத்தில் ஓட்டை விழும். குடைக்காரருக்குப் பின்னால் ட்ராமின் பக்கவாட்டையும், ட்ராமுக்குப் பின்னால் கடைகளின் கதவுகளையும் நீங்கள் வரைந்து நிரப்பத்தான் வேண்டும். பாதி இரவை விழுங்குவது இந்த வேலைதான்; இதைத் தவிர்க்க வழி இல்லை. பிறகு ஐந்து விநாடிக்குள் கடைகளை 20 பிக்சல், ட்ராமை 60, குடைக்காரரை 120 என்று ஒரே பக்கமாக நகர்த்துங்கள். அருகிலிருப்பது வேகமாகவும் தூரத்திலிருப்பது மெதுவாகவும் நகரும்போது கண் அதை ஆழம் என்று நம்பிவிடும். கண் சிமிட்டுவது, வாய் அசைவது எல்லாம் இப்போது வேண்டாம். பாதி அசையும் வாய் பொம்மலாட்டம் போல இருக்கும்.

வசனத்தைக் கையால் எழுதுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த தமிழை வீடியோ மென்பொருளில் ஒட்டினால், எழுத்துரு மாறியவுடன் ஆங்கில எழுத்துக் குப்பையாக விழும். யூனிகோட் தமிழும் சில மென்பொருள்களில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். இத்தனை ஆண்டுகளாகியும் ஒரு 'கொ' எழுத நாம் அமைப்புப் பக்கத்தில் ஏதோ ஒரு மூலையைத் தேடிப்போய்த் தென்னாசிய எழுத்து முறையைத் தெரிவு செய்ய வேண்டியிருக்கிறது. இதையெல்லாம் யாராவது தமிழ்மொழி மூலம் கற்பித்தால் நல்லது. நான் விசாரித்த ஓர் அரச பயிற்சி நிலையத்தில் தமிழ்ப் பிரிவு அடுத்த தவணையில் தொடங்கும் என்றார்கள். நான்கு தடவை கேட்டேன், நான்கு தடவையும் அடுத்த தவணைதான். ஆகவே, உங்கள் கையெழுத்தை நம்புங்கள். தனித்தாளில் பலூனும் வசனமும் எழுதி, ஸ்கேன் செய்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாகச் சேமியுங்கள். திரையில் அது நிற்கும் நேரத்தில் நீங்கள் இரண்டு தடவை வாய்விட்டு வாசிக்க முடியவேண்டும்.

தேவாரத்துக்கு வருகிறேன். இதில்தான் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள். அப்பர் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். அவருடைய பாட்டுக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் அம்மாவின் கசெட்டில் இருப்பது பாட்டு மட்டுமல்ல, ஒருவர் பாடி, இன்னொருவர் காசு போட்டுப் பதிந்த ஒலி. அந்த ஒலிப்பதிவுக்குத் தனியாக உரிமை உண்டு. வெளியான ஆண்டுக்குப் பின் 50 ஆண்டுகள். 1990களில் வெளிவந்த கசெட் என்றால் இன்னும் முடியவில்லை. பழைய பாட்டுக்குப் புதிதாக யாராவது மெட்டுப் போட்டிருந்தால் அந்த மெட்டுக்கும் சொந்தக்காரர் இருப்பார். 'பக்திப் பாட்டுத்தானே, யார் கேட்கப் போகிறார்கள்' என்பார்கள். மனிதர் யாரும் கேட்கமாட்டார்கள். யூடியூபின் தானியங்கிச் சோதனை கேட்கும், உங்கள் வீடியோவின் வருமானம் கசெட் உரிமையாளர் பக்கம் போகலாம். பத்து விநாடிக்குள் என்றால் பரவாயில்லை என்று ஒரு கதை உலாவுகிறது. அப்படி ஒரு விதி இல்லை. அம்மா தேவாரம் பாடுவாரா? பழைய பண்ணிலேயே பாடச் சொல்லி நீங்கள் பதிவு செய்யுங்கள். அப்போது பாட்டு எல்லோருக்கும் பொது, ஒலிப்பதிவு உங்கள் வீட்டுச் சொத்து.

பதிவு செய்ய ஸ்டூடியோ வேண்டாம். முச்சக்கர வண்டிகள் அடங்கிய பின், இரவு பதினொரு மணிக்கு மேல், துணி நிறைந்த அலுமாரியைத் திறந்து அதற்குள் முகத்தை வைத்துப் பாடச் சொல்லுங்கள். பதிவு செய்யும் தொலைபேசி வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். மின்விசிறியை நிறுத்துங்கள்; வியர்க்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒலியை வெட்டி ஒட்ட ஆடாசிட்டி என்ற மென்பொருள் போதும், அதுவும் இலவசம்.

மடிகணினி போதும். வீடியோவைத் தொகுக்க டாவின்சி ரிசால்வ் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பைப் பலர் சிபாரிசு செய்வார்கள். 8 ஜிபியில் அதற்கு மூச்சு வாங்கும். அதே வேலைக்கான கேடென்லைவ் இலேசானது. ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனி வீடியோவாக எடுத்து, கடைசியில் ஒன்றாகக் கோத்தால் கணினி உறையாது.

ட்ராம் மணிக்கு இணையத்தில் தேடாதீர்கள். வீட்டில் பித்தளைச் செம்பு இருந்தால் தண்ணீர் இல்லாமல் தொங்கவிட்டுக் கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டிப் பதியுங்கள். அதைப் பாதி வேகத்தில் ஓட்டினால் சுருதி இறங்கி, பெரிய மணியின் கனம் வந்துவிடும்.